எவ்ரி செகண்ட் சண்டே

ஊத்துக்குளி
22.7.2025

கவியின் அப்பாவுக்கு,

உங்கள் பெயருக்கு முன்னால் ‘அன்புள்ள’ போடுவதா வேண்டாமா என்று யோசித்ததில் இரண்டு தாள் வீணாகிவிட்டது. அதனால் இப்படியே தொடங்குகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நீங்கள் கத்துவீர்கள், நான்காவதில் நான் வைத்துவிடுவேன். கடைசியாகப் பேசியபோது அப்படித்தான் ஆயிற்று. கவி தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு படுத்துவிட்டாள். அன்றைக்கே உங்கள் நம்பரைத் தடுத்து வைத்தேன். தாளில் கத்த முடியாது, ஆகவே இனி தாளில் பேசிக்கொள்வோம்.

மே கடைசியில் கவியை அழைத்துக்கொண்டு என் அப்பா வீட்டுக்குக் கிளம்பியபோது, நல்லூர் பஸ் ஸ்டாப்பில் வைத்து உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். “எவ்ரி செகண்ட் சண்டே வந்து புள்ளையப் பாருங்க. காலைல பத்து மணி, ஊத்துக்குளி ஸ்டேஷன்.” நீங்கள் தலையை ஆட்டினீர்கள். எங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னதால்தான் ஸ்டேஷன் என்றேன். அடுத்த வாரமே வந்தீர்கள். கவியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பிளாட்பாரம் முழுக்க நடந்தீர்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்ப்பதுபோல் இருந்தேன். உண்மையில் அதில் எதையும் படிக்கவில்லை.

அதன்பிறகு நீங்கள் வரவேயில்லை. அவள் காலையிலேயே எழுந்து, கோணலும் மாணலுமாகத் தானே தலை வாரிக்கொண்டு, “நேரமாச்சுங்கம்மா” என்று என்னை இழுத்துக்கொண்டு போவாள். திருப்பூர் பக்கமிருந்து வருகிற வண்டியையும் பார்ப்பாள், ஈரோடு பக்கமிருந்து வருகிற வண்டியையும் பார்ப்பாள். இறங்கியவர்கள் எல்லாரும் கலைந்த பிறகு, “அடுத்த வண்டில வருவாருங்கம்மா” என்று எனக்கு ஆறுதல் சொல்வாள். இந்த முறை அதையும் சொல்லவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “போலாம்” என்று அவளே எழுந்தாள். ஏழு வயதுப் பிள்ளை அப்படி எழுந்திருக்கக் கூடாது.

ஏப்ரலில் பள்ளி வேன் இறக்கிவிட்ட இடத்துக்கு நீங்கள் போகாமல், கோடை மழையில் அவள் தெருவில் நின்றாளே, அதைக்கூட நான் மறந்துவிடலாம். கம்பெனியில் மெஷின் நின்றுவிட்டது, அவசரம் என்றீர்கள். சரி. ஞாயிற்றுக்கிழமை எந்த மெஷின் நிற்கிறது?

இன்னொன்று. எங்கள் கம்பெனியில் பெங்களூர் ஆபீஸுக்கு ஆள் கேட்கிறார்கள். மேனேஜர் பிரபாகர் சார் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். ஆகஸ்ட் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் கவியும் என்னோடுதான் வருவாள். அங்கே வந்து பார்க்க உங்களுக்கு இதைவிடச் சிரமமாக இருக்கும்.

அன்புசெல்வி


நல்லூர்
24.7.2025

அன்புசெல்விக்கு, ஜெபக்குமார் எழுதுவது.

நீ விட்டுவிட்ட ‘அன்புள்ள’வை நானும் விட்டுவிட்டேன். உன் பெயரிலேயே அன்பு இருக்கிறது. மேற்கொண்டு போட்டால் கூடுதல் செலவு.

தபால்காரர் நம் லைன் வீட்டில் ஒவ்வொரு கதவாகத் தட்டி என் பெயரைக் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு ரங்காத்தாள் அக்கா, “ஏனுங் தம்பி, கோர்ட்டு நோட்டீசுங்களா?” என்றார். “இல்லக்கா, வீட்டுக்காரி கடுதாசி” என்றேன். “ரெண்டும் ஒண்ணுதானுங்க சாமி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

நான் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் வந்தேன். நீ சொன்ன நாள், நீ சொன்ன இடம். பத்து மணிக்கு அல்ல, ஒன்பதரைக்கே வந்துவிட்டேன். கவிக்குத் தேங்காய் பன் வாங்கி வைத்திருந்தேன். பெஞ்சுக்கு வெயில் வந்தது, அடுத்த பெஞ்சுக்குப் போனேன், அங்கேயும் வந்தது. உச்சி வெயில்வரை இருந்துவிட்டுத் திரும்பினேன். அந்தப் பன்னை வேறு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. வண்டியிலேயே நானே தின்றேன். தண்ணீர் இல்லாமல் தொண்டையில் நின்றுகொண்டது. உன் அப்பா போக வேண்டாம் என்று தடுத்திருப்பார், இவள் என்ன செய்வாள் என்று உனக்காக நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். இப்போது நீ வந்ததாகவும் நான் வராததாகவும் எழுதுகிறாய். உன் ஆபீஸில் இதற்கு ஒரு இங்கிலீஷ் இருக்கும். எங்கள் நாசரேத் பக்கம் இதைப் புளுகு என்போம்.

வேன் விஷயத்தை மறக்கலாம் என்று சொல்லிக்கொண்டே மறுபடி எடுத்துவிட்டாய், அதனால் நானும் எடுக்கிறேன். அன்றைக்கு நான் கம்பெனியிலிருந்து வந்ததும் நீ என்னைக் கேட்டது உனக்கு நினைவிருக்கிறதா? “இன் த ஃபர்ஸ்ட் பிளேஸ், நீங்க எதுக்கு அங்க போனீங்க?” என்றாய். நான், “ஃபர்ஸ்ட் பிளேஸுக்கு எங்க போனேன், கம்பெனியிலதான் இருந்தேன்” என்றேன். நீ சிரித்தாய். பிள்ளை ஈரத்தோடு நிற்கிறாள், நான் குற்றவாளிபோல் நிற்கிறேன், நீ சிரிக்கிறாய். அதற்கு ‘முதலில்’ என்றுதான் அர்த்தமாம், எங்கள் கம்பெனி முனீஸ் பிறகு சொன்னான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

இதற்கு முன்பும் ஒரு தடவை, “எதையும் லெவன்த் ஹவர்ல சொல்லாதீங்க” என்றாய். சரி என்று அடுத்த தடவை பத்து மணிக்கே போன் செய்து, இன்றைக்கு ஷிப்டு மாற்றிவிட்டார்கள், வர மாட்டேன் என்று சொன்னேன். அதற்கும் திட்டினாய். நான் என்ன செய்வது? கடைசி நேரத்தில் சொல்வதைத்தான் அப்படிச் சொல்வார்களாம், எங்கள் போதகரே பிரசங்கத்தில் விளக்கினார். பைபிள் கதையில் பதினோராம் மணிக்கு வேலைக்கு வந்த கூலியாட்களுக்காவது முழுக் கூலி கிடைத்தது.

கம்பெனியில் ஊசி பழுதாகி ஒரு கோடு விழுந்த துணியை செகண்ட்ஸ் என்று தனியாகக் கட்டிப் போடுவோம். நீ பெங்களூர் என்று எழுதிய வரியைப் படித்ததிலிருந்து அந்த மூட்டைகளின் பக்கத்தில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறேன். அங்கே யாரும் வந்து பேச மாட்டார்கள்.

கவியிடம் அப்பா வந்தார் என்று சொல். அவளிடம் நான் பொய்யனாக வேண்டாம்.

ஜெபக்குமார்


ஊத்துக்குளி
28.7.2025

கவியின் அப்பாவுக்கு,

கேலி செய்து எழுதினால் விஷயம் மறைந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் வந்து காத்திருந்தது உண்மையானால், அதே ஸ்டேஷனில் அதே நேரத்தில் நாங்கள் என்ன காற்றாகவா இருந்தோம்?

என் அப்பாவைப் பற்றி எழுதியதற்கு வருத்தப்பட வேண்டியவர் நீங்கள்தான். நாங்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு டப்பாவில் வெண்ணெய் வைத்து, “மாப்ளைக்குக் குடு கண்ணு” என்று கவியிடம் கொடுப்பார். திரும்பி வரும்போது அது எண்ணெயாகி மூடி வழியாக அவள் பாவாடையில் வழிந்திருக்கும். அவர் எதுவும் கேட்காமல் டப்பாவை வாங்கிக்கொண்டு போவார். அவர் முகத்தைப் பார்க்க என்னால்தான் முடியவில்லை.

நான் சிரித்தது நினைவிருக்கிறது. அது உங்கள் இங்கிலீஷுக்காக இல்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. அதை அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள்.

அடுத்த முறை வாருங்கள். கட்டாயம் வாருங்கள். வந்தால், பெங்களூர் விஷயத்தை உங்களிடம் பேசிவிட்டுத்தான் முடிவு செய்வேன். வராவிட்டால் நான் பேச வேறு ஆள் இல்லை, நானே முடிவு செய்துகொள்வேன்.

அன்புசெல்வி


ஊத்துக்குளி
5.8.2025

நீங்கள் வரவில்லை. போகிறேன் என்று ஆபீஸில் சொல்லிவிட்டேன். கவியிடம் இனி ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம் என்றேன், “செரி” என்றாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அன்புசெல்வி


நல்லூர்
11.8.2025

அன்புசெல்விக்கு,

நாளே வராதபோது நான் வரவில்லை என்று எப்படி எழுதினாய் என்று புரியவில்லை. பழைய கோபத்தையே திரும்ப எழுதியிருக்கிறாள் போல என்று நினைத்து, உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேற்று காலை வண்டி ஏறினேன். இந்தத் தடவை பன் வாங்கவில்லை. சிவப்பு வளையல் வாங்கினேன். தின்னும் பொருளாக இருந்தால் நானே தின்ன வேண்டியிருக்கும் என்று ஒரு பயம்.

யாரும் வரவில்லை. டிக்கெட் கொடுக்கிறவர் கூட என்னைத் தெரிந்துகொண்டு, “யாரைங்க பாக்கறீங்க?” என்று கேட்டார். “எங்க பாப்பா வரும்” என்றேன். “எந்த ஊர்லருந்துங்க?” என்றார். இதே ஊர்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஈரோடு என்று சொல்லிவிட்டேன்.

உன் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். ரோடு வரைக்கும் போனேன். வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்ன வாய் என்னுடையதுதானே, திரும்பிவிட்டேன்.

நீ போவதென்று முடிவு செய்துவிட்டாய். வரச் சொல்லிவிட்டு, வந்தவனைக் காக்க வைத்துவிட்டு, வரவில்லை என்று பழியும் போட்டுவிட்டுப் போகிறாய். அந்த நல்ல பெயரையும் நீயே வைத்துக்கொள். வீட்டில் யாரும் இல்லை, பேச்சு இல்லை. நேற்று முழுக்க என் வாயிலிருந்து வந்தது அந்த டிக்கெட்காரரிடம் சொன்ன பொய் ஒன்றுதான்.

ஜெபக்குமார்


ஊத்துக்குளி
14.8.2025

கவியின் அப்பாவுக்கு,

இனி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உங்கள் கடிதம் என் கோபத்தைக் கிளப்பிவிட்டது.

நீங்கள் போனதாகச் சொல்வது பத்தாம் தேதி. பத்தாம் தேதி உங்கள் முறையே இல்லை. மூன்றாம் தேதி வந்திருக்க வேண்டும். அன்றைக்கு நாங்கள் காத்திருந்தோம். நாங்கள் வராத ஞாயிறாகப் பார்த்துப் போய் உட்கார்ந்துவிட்டு, வந்தேன் வந்தேன் என்று எழுதுகிறீர்கள். டிக்கெட்காரரைச் சாட்சிக்கு வேறு அழைக்கிறீர்கள். இந்தத் தந்திரம் உங்களுக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. நம் சண்டையில் நீங்கள் கத்தியிருக்கிறீர்கள், கதவைச் சாத்தியிருக்கிறீர்கள், ஆனால் சூழ்ச்சி செய்ததில்லை.

பதினேழாம் தேதி உங்கள் முறை. நான் கவியைக் கூட்டிக்கொண்டு வரப் போவதில்லை. ஒருமுறை ‘செரி’ என்று சொன்ன பிள்ளையை மறுபடி தலை வாரச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அன்புசெல்வி


நல்லூர்
19.8.2025

அன்பு,

சுதந்திர தினம், கிருஷ்ண ஜெயந்தி, ஞாயிறு என்று தபால் மூன்று நாள் தூங்கிவிட்டு, உன் கடிதம் நேற்றுதான் வந்தது. தயவுசெய்து இதைக் கடைசி வரை படி. நடுவில் கிழிக்காதே.

முதலில் கோபம்தான் வந்தது. மூன்றாம் தேதி என் முறை என்று எழுதியிருக்கிறாயே, மூன்றாம் தேதி மாதத்தின் முதல் ஞாயிறு. எங்கள் கோயிலில் திருவிருந்து. அன்றைக்கு எப்படி என் முறை வரும்? இவள் நாளை மாற்றி மாற்றிச் சொல்லி என்னை அலைக்கழிக்கிறாள் என்று நினைத்தேன்.

மத்தியானம் முனீஸைப் பார்க்க மேலே பேக்கிங் செக்‌ஷனுக்குப் போனேன். சரக்கு வாங்கும் பையர் அனுப்பிய வெளி ஆட்கள், தேர்ட் பார்ட்டி என்போம், தரம் பார்க்க வந்திருந்தார்கள். அதில் ஒருவர், “எவ்ரி செகண்ட் கார்ட்டன், ஓப்பன் பண்ணுங்க” என்றார். உன் வாயிலிருந்து வந்த அதே சொல் என்பதால் அங்கேயே நின்றுவிட்டேன். இரண்டாவது பெட்டியைப் பிரித்தார்கள். சரி, முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாவதை விட்டுவிட்டு நான்காவதைப் பிரித்தார்கள். ஐந்தை விட்டார்கள், ஆறைப் பிரித்தார்கள்.

“ஏல முனீஸ், செகண்ட் பெட்டியைத்தான சொன்னாரு, நாலாவதை எதுக்குப் பிரிக்காங்க?” என்றேன்.

“அண்ணே, எவ்ரி செகண்ட்னா ஒண்ணு விட்டு ஒண்ணுண்ணே” என்றான்.

நான் அந்த இடத்திலேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

அன்பு, நான் அதை மாதத்தின் இரண்டாவது ஞாயிறு என்று நினைத்தேன். பேங்க் வாசலில் செகண்ட் சாட்டர்டே லீவ் என்றால் மாதத்தில் ஒரு நாள்தானே. எங்கள் கோயிலிலும் முதல் ஞாயிறு, இரண்டாம் ஞாயிறு என்றுதானே எல்லாவற்றையும் சொல்வோம். நீ செகண்ட் சண்டே என்றதும் என் தலையில் அந்த நாள் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஜூன் எட்டு வந்தேன், அது இரண்டாவது ஞாயிறு, உன் கணக்குக்கும் அது சரியாக அமைந்துவிட்டது. அதன்பிறகு ஜூலை பதிமூன்று வந்தேன், ஆகஸ்ட் பத்து வந்தேன். காலண்டரை வைத்துப் பார்த்தேன். அந்த இரண்டுமே நீ வராத ஞாயிறு. நீ வந்த ஞாயிறெல்லாம் நான் இங்கே பாயில் கிடந்தேன்.

நாம் மூவரும் அதே பெஞ்சுகளில்தான் உட்கார்ந்திருக்கிறோம், வேறு வேறு ஞாயிறுகளில். வெண்ணெய் உருகிய இடத்தில் பிறகு நான் பன்னோடு இருந்திருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது, மறைக்க ஒன்றுமில்லை. அவள் இரண்டு பக்கத்து வண்டியையும் பார்த்தாள் என்று எழுதினாயே, அந்த வரியை இன்றைக்கு மறுபடி படித்தேன்.

பெங்களூர் போவதும் போகாததும் உன் முடிவு. நான் இதை வைத்து உன்னைத் தடுக்கவில்லை. கவிக்கு மட்டும் சொல்லிவிடு. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாமல் போயிற்று, வர மனமில்லாமல் போகவில்லை என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொல். அவள் இப்போது பள்ளியில் ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் படிக்கிற வயதுதானே. என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வாள்.

ஜெபக்குமார்


ஊத்துக்குளி
23.8.2025

அன்புள்ள உங்களுக்கு,

ஆபீஸுக்குப் போகிற வண்டியில் வைத்துப் படித்தேன். முதலில் சிரித்துவிட்டேன். எதிரில் இருந்த அம்மா என்னைப் பார்த்தார். அப்புறம் நிறுத்த முடியாமல் அழுதேன், அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

உங்களைச் சூழ்ச்சிக்காரர் என்று எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

என்னிடம் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் இந்த மாதிரிப் பேச்சில் தடுமாறுவீர்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பத்து மணிக்கு போன் செய்த ஆள்தானே நீங்கள். பிறகும் அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் ஏன் இங்கிலீஷில் சொன்னேன் என்று இரண்டு நாளாக யோசித்தேன். ‘ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வந்து உங்க புள்ளையப் பாருங்க’ என்று தமிழில் சொல்ல வாயெடுத்தால் நடுரோட்டில் அழுதிருப்பேன், நீங்களும் பையை வாங்கிக்கொண்டு என்னை வீட்டுக்குத் திருப்பி அழைத்துப் போயிருப்பீர்கள். ஆபீஸில் பையருக்கு மெயில் போடுகிற மாதிரி சொன்னால் வலி தெரியாமல் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அது உங்களுக்குப் புரிந்ததா என்று நான் பார்க்கவில்லை.

கவியிடம் சொன்னேன். காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நீங்கள் வந்த நாள், நாங்கள் போன நாள் எல்லாம் காட்டினேன். நன்றாகவே புரிந்துகொண்டாள். சந்தோஷப்படுவாள், உடனே உங்களோடு பேச வேண்டும் என்பாள் என்று போனைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். உங்கள் நம்பர்மேல் போட்ட தடையையும் எடுத்துவிட்டேன்.

அவள் மீதி ஞாயிறுகளின் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்தாள். அப்புறம் கேட்டாள்: “அப்பாவுக்குத் தெரியாமப் போச்சு, செரி. மத்த ஞாயித்துக்கெழமையெல்லாம் அவருக்கு என்னையப் பாக்கோணும்னே தோணலையாம்மா?”

முறை வைத்தது நான்தான் என்று சொன்னேன். “முறைன்னா?” என்றாள். கையில் இருந்த போனைக் கீழே வைத்துவிட்டேன்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். ஆனால் அவள் கேட்டது எனக்கும் சேர்த்துத்தான். நானும் நீங்கள் வராத நாட்களில் ஒரு போன் போட்டு, ‘எங்க இருக்கறீங்க?’ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வரவில்லை என்று தெரிந்துகொள்வதில் எனக்கு ஏதோ அவசரம் இருந்திருக்கிறது.

அன்புசெல்வி


நல்லூர்
26.8.2025

அன்பு,

அவள் கேட்ட கேள்விக்கு ஒரு முழு நாள் பதில் தேடினேன். வேலை, ஷிப்டு, உன் அப்பா, என் வைராக்கியம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

உனக்கு உள்ளதைச் சொல்கிறேன். மற்ற ஞாயிறுகளில் கோயிலுக்குப் போனேன், துணி துவைத்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். மாதத்தில் ஒரு நாள்தான் பிள்ளையைப் பார்க்கலாம் என்று நீ சொன்னதாக நினைத்தபோது எனக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் ‘ஏன் ஒரே ஒரு நாள்?’ என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சுவதுபோல் ஆகும் என்று இருந்துவிட்டேன். இவள் எவ்வளவு கொஞ்சமாக அளந்து கொடுக்கிறாள் பார் என்று உன்னைத் திட்டிக்கொண்டு படுத்திருப்பேன். அப்படித் திட்டிக்கொண்டு கிடப்பதில் ஒரு சுகம்கூட இருந்தது. பார்க்க வேண்டும் என்று தோன்றியது, அன்பு. எல்லா நாளும் தோன்றியது. தோன்றியது போதாது என்றுதான் அவள் சொல்கிறாள்.

நீ போனில் இருந்த தடையை எடுத்ததாக எழுதியிருக்கிறாய். எடுத்துப் பேசலாம். ஆனால் அவளிடம் போனில் என்ன சொல்வேன்? வருகிற முப்பத்தொன்று உன் கணக்குப்படி என் முறை. அதற்கு நான் காத்திருக்கப் போவதில்லை. நாளை விநாயகர் சதுர்த்தி, தபால் கிடையாது. வியாழக்கிழமை அரை நாள் லீவ் கேட்டிருக்கிறேன். பள்ளி விட்டு அவள் வீட்டுக்கு வருகிற நேரத்துக்கு வருவேன். ஸ்டேஷனுக்கு அல்ல, உன் அப்பா வீட்டுக்கு. இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது நான் வந்துவிட்டுப் போயிருப்பேன். பிறகு ஏன் எழுதுகிறாய் என்றால், நேரில் வந்தால் இதில் கால்வாசி கூட என் வாயில் வராது.

அவள் பேசாவிட்டால் அவளை வற்புறுத்தாதே.

ஜெபக்குமார்


ஊத்துக்குளி
29.8.2025

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. நீங்கள் நேற்று வந்ததை அப்பா சொன்னார். நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் கிளம்பிவிட்டீர்கள்.

கேட்டுக்கு வெளியிலேயே நின்றீர்களாம். அப்பா பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, “ஏனுங் மாப்ள, அங்கயே நின்னுட்டீங்க, ஊட்டுக்குள்ள வாங்க” என்று கூப்பிட்டாராம். “இருக்கட்டும் மாமா, பிள்ளை கூப்பிடட்டும்” என்றீர்களாம். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

கவி பள்ளியிலிருந்து வந்து உங்களைப் பார்த்துவிட்டு நேரே உள்ளே போய்விட்டாள் என்றும், நீங்கள் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள் என்றும் சொன்னார். அவள் ஜன்னலில் இருந்து எட்டி எட்டிப் பார்த்தாளாம். நீங்கள் தலையைத் தூக்கினால் மறைந்துகொள்வாளாம். பொழுது சாயும்வரை இப்படியே. கடைசியில் வெளியே வந்து, கொஞ்சம் தள்ளி நின்று, “இன்னைக்கு என்ன கெழமை?” என்று கேட்டாளாம். “வியாழக்கிழமைடா” என்றீர்களாம். “வியாழக்கெழமை யாருமே வர மாட்டாங்களே” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாளாம். அவ்வளவுதான் அவள் பேசியது. அதற்குப் பிறகு நீங்கள் எழுந்து போனதாக அப்பா சொன்னார். உங்கள் முகத்தை அவர் பார்க்கவில்லையாம். அவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

வளையல் டப்பாவைத் தொட்டிமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அவள் இன்னும் அதைப் பிரிக்கவில்லை. யாரையும் தொடவும் விடவில்லை.

பிரபாகர் சாரிடம் பெங்களூருக்கு ஒரு மாதம் தவணை கேட்டேன். “என்னம்மா, செகண்ட் தாட்டா, மறுயோசனையா?” என்றார். “இல்லீங்க சார், இப்பத்தான் முதல் தடவையா யோசிக்கறேன்” என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் சரி என்றார். இதை நான் உங்களுக்கு வாக்குறுதியாக எழுதவில்லை. ஏப்ரலில் நடந்தது அப்படியேதான் இருக்கிறது, நாம் பேசிக்கொண்ட பேச்சும் அப்படியே இருக்கிறது. ஒரு சொல்லின் அர்த்தம் தெரிந்துவிட்டதால் அதெல்லாம் போய்விடாது. உங்களுக்கும் அது தெரியும்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நேற்று சாப்பிடும்போது கவி தோசையைப் பிய்த்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல், “நாளைக்கும் வருவாராம்மா?” என்று கேட்டாள். அவள் கேட்ட அந்த நாளை இன்றுதான், வெள்ளிக்கிழமை. யாருடைய முறையும் இல்லை.

அதை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன். அவள் என்னிடம் கேட்டாலும், கேட்டது உங்களை.

அன்பு